ஹை-ஃபை மியூசிக் பிளேயர்: முதல் ஐந்து வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்டவை

கையடக்க ஹை-ஃபை பிளேயர் ஒன்று வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். மாடல் பெயரைச் சொல்லவில்லை. இங்கே இருப்பதில் பெரும்பகுதி எந்தப் பிளேயருக்கும் பொருந்தும்.

1. ஃபோன்லயே பாட்டு கேக்குதே, இதுக்குன்னு தனியா ஒரு பெட்டி எதுக்கு?

எல்லோருக்கும் தேவை என்று சொல்ல மாட்டேன். சாதாரண இயர்போனில் போகும்போதும் வரும்போதும் கேட்பவருக்கு ஃபோன் தாராளமாகப் போதும்.

பாட்டுக்கென்றே ஒரு பெட்டி என்பது புதிதும் அல்ல. 1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்தது. 2001 அக்டோபரில் 5 ஜி.பி. கொள்ளளவோடு ஐபாட் வந்தது. அப்புறம் ஃபோன் எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. 2016இல் ஐஃபோன் 7 இயர்போன் துளையையே எடுத்துவிட, மற்ற நிறுவனங்களும் மெல்ல மெல்ல அதே வழியில் போயின. 2022 மே மாதம் ஐபாட் நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஃபோனில் இடமில்லாமல் போனதைத்தான் இன்றைய பிளேயர்கள் திரும்பக் கொண்டுவருகின்றன: பெரிய ஹெட்போனையும் இயக்கக்கூடிய ஆம்ப், எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் டாக் சிப், மெமரி கார்டுக்கு இடம், விரலால் திருகும் வால்யூம் குமிழ்.

இவற்றோடு எனக்குக் கிடைத்த இன்னொன்று, பாட்டின் நடுவே அழைப்போ செய்தியோ வராத ஒரு மணி நேரம். வாங்கும்போது இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைக்கு யாராவது என்ன லாபம் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

2. ஹை-ஃபை, லாஸ்லெஸ், ஹை-ரெஸ்னு மாத்தி மாத்திச் சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. ஹை-ஃபை என்பது பொதுவான பழைய சொல். பதிவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பித் தருவது என்று பொருள். அதற்குக் கறாரான அளவுகோல் கிடையாது.

லாஸ்லெஸ் என்றால் ஃபைலைச் சுருக்கும்போது எதுவும் தொலைவதில்லை, விரித்தால் மூலம் அப்படியே கிடைக்கும். ஃபிளாக் அந்த வகை. எம்.பி.3 அப்படி இல்லை. காதுக்குப் பெரும்பாலும் தெரியாது என்று கணக்குப் போட்டுச் சில தகவல்களை வீசிவிட்டுத்தான் சுருக்குகிறது.

ஹை-ரெஸ் என்பது சி.டி.யைவிட நுணுக்கமாக அளவெடுத்த பதிவு. சி.டி.யில் நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட். ஹை-ரெஸ்ஸில் 24 பிட்டும், நொடிக்கு 96,000 அல்லது 192,000 முறையும் சாதாரணம். ஆக, சி.டி.யிலிருந்து எடுத்த ஃபிளாக் லாஸ்லெஸ்தான், ஹை-ரெஸ் அல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் 15ஆம் கேள்வி சுலபமாகிவிடும்.

3. முதல் தடவை போட்டதும் என்ன தோணுச்சு? மறைக்காம சொல்லுங்க.

கையில் எடுத்ததும் கனம்தான் முதலில் தெரிந்தது. சட்டைப்பையில் போட்டால் பை தொங்குகிறது. வால்யூம் குமிழ் ஒவ்வொரு படிக்கும் மெல்ல 'டிக்' என்று விரலுக்குத் தெரிகிறது. திரையைப் பார்க்காமலே ஒலியைக் கூட்டிக் குறைக்க முடிவது பெரிய சுகம்.

ஒலியைப் பற்றி: முதல் பாட்டு ஓடிய அரை நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பாடகர் மூச்செடுப்பது, மிருதங்கத்தில் தொப்பியின் அதிர்வு அடங்கும் விதம், பின்னணியில் தம்புரா விட்டுவிட்டு ஒலிக்காமல் ஓர் ஓடையாக ஓடுவது, எல்லாம் புதிதாகக் கேட்பது போல இருந்தது. அன்று இரவு இரண்டு மணி வரை தூங்கவில்லை. மறுநாள் இதே பாட்டுகளை ஃபோனில் போட்டுக் கேட்டேன். தம்புரா அதிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருடமாக நான்தான் அதைக் கவனித்துக் கேட்கவில்லை. புதிய பொருள் கையில் இருந்ததால் அன்றிரவு கவனம் முழுதும் காதில் இருந்திருக்கிறது. முதல் இரவின் வியப்பில் பிளேயருடைய பங்கு எவ்வளவு, என் கவனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் ஆசை அங்கேதான் தொடங்கியது.

4. அப்போ சத்தம் கூடக் கேட்டதைத்தான் தரம்னு நெனச்சுட்டீங்களோ?

பாதி அப்படித்தான். மனிதக் காதுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒலியளவு குறையும்போது பாஸ் எனப்படும் அடி ஸ்தாயியும் உச்ச ஸ்தாயியும், நடுப்பகுதியைவிட வேகமாக மங்கிவிடும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். எனவே ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே, "சத்தம் அதிகம்" என்று தோன்றாது, "நிறைவாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். இரண்டு பிளேயர்களை ஒப்பிடுபவர் பெரும்பாலும் விழுவது இந்தக் குழியில்தான்.

நான் செய்தது இது. 100 ஹெர்ட்ஸ் சீரான ஒலி ஒன்றை இரண்டிலும் ஓடவிட்டு, இயர்போன் மாட்டியிருக்கும்போதே மல்டிமீட்டரில் ஏ.சி. வோல்ட்டை அளந்தேன். இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவரும் வரை வால்யூமைச் சரிசெய்தேன். ஒரு சதவீதம் என்பது ஏறக்குறைய 0.1 டெசிபல். அதற்குப் பிறகு கேட்டபோது, முதல் நாள் மலையாகத் தெரிந்த வித்தியாசம் மேடாகச் சுருங்கிவிட்டது. அது முழுதாக மறையாமல் எங்கே நின்றது என்பதை 8ஆம் கேள்வியிலும் கடைசிக் கேள்வியிலும் சொல்கிறேன்.

5. கடையில ரெண்டு நிமிஷம் கேட்டுப் பாத்து முடிவு பண்ணலாமா?

இரண்டு நிமிடத்தில் தெரிவது வடிவம், கனம், திரை, பொத்தான்கள். ஒலியை வைத்து முடிவு செய்ய வேண்டுமானால் உங்கள் இயர்போனையும் மனப்பாடமாகத் தெரிந்த நாலைந்து பாட்டுகளையும் கார்டில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பதிவு எந்தப் பிளேயரிலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது அது. மெனுவில் ஓர் ஆல்பத்தைத் தேடி எடுக்க எத்தனை தொடுதல் என்று எண்ணிப் பாருங்கள். தினமும் உங்களைச் சோதிக்கப்போவது அதுதான்.

6. என்கிட்ட இருக்கறதெல்லாம் எம்.பி.3தான். அதைப் போட்டா நல்லா கேக்குமா?

320 கே.பி.பி.எஸ்.ஸில், அதாவது நொடிக்கு 320 கிலோபிட் தகவலோடு, ஒழுங்காகச் செய்த எம்.பி.3 என்றால் கவலையே வேண்டாம். அதற்கும் ஃபிளாக்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பயின்ற காதுக்கே கடினம். என்னால் பெரும்பாலான பாட்டுகளில் முடியவில்லை. கைத்தட்டலும் ஜால்ராவும் நிறைந்த ஒரு பதிவில் மட்டும் பிடித்தேன்.

128 கே.பி.பி.எஸ். பழைய ஃபைல்கள் வேறு கதை. அவற்றில் பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் இருக்காது. ஜால்ரா ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் குழையும். நல்ல பிளேயர் அதை மறைத்துவிடாது, முன்பைவிடத் தெளிவாகக் காட்டும். இன்னொன்று: எம்.பி.3யை ஃபிளாக்காக மாற்றி வைத்தால் தொலைந்தது திரும்பி வராது. இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும். சி.டி. இன்னும் கையில் இருந்தால் அதிலிருந்து புதிதாக எடுங்கள்.

7. ஃபிளாக்னா இடத்தை அடைச்சுக்குமே. எவ்ளோ பெரிய கார்டு வாங்கணும்?

சி.டி. தரத்தில் சுருக்காத ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்.பி. ஃபிளாக் அதைப் பெரும்பாலும் பாதிக்கும் முக்கால்வாசிக்கும் இடையே கொண்டுவந்துவிடும். 50 நிமிட ஆல்பம் 300 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் 128 ஜி.பி. கார்டில் 400 ஆல்பம் அடங்கும். 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுருக்குவதற்கு முன்பே நிமிடத்துக்கு 69 எம்.பி. அப்போது அதே கார்டு அறுபது ஆல்பத்துக்கே திணறும். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகள், ஃபைல்களை அடுக்கிவைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வரும். பழைய பிளேயராக இருந்தால் அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

8. இயர்போனை மாத்தறதா, பிளேயரை வாங்கறதா? எது முதல்ல?

இயர்போன். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. இரண்டு நல்ல பிளேயர்களுக்கு நடுவே இருக்கும் ஒலி வித்தியாசம், இரண்டு நல்ல இயர்போன்களுக்கு நடுவே இருப்பதில் சிறு பகுதிகூட இல்லை. இயர்போன் மாறினால் ஒலியின் நிறமே மாறும். காதுக்குள் அது சரியாகப் பொருந்தவில்லையென்றால் பாஸ் அப்படியே கசிந்து போய்விடும். பிளேயருக்குச் செலவு செய்யும் முன் இயர்போனோடு வந்த மூன்று அளவு ரப்பர் முனைகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எனக்கு வலக்காதுக்கு நடுத்தரமும் இடக்காதுக்குப் பெரியதும் பொருந்தியது. அதைக் கண்டுபிடித்த நாளில் கிடைத்த முன்னேற்றம், பிளேயர் வந்த நாளில் கிடைத்ததைவிடப் பெரியது.

பிளேயர் முதலில் தேவைப்படுவது இரண்டே இடத்தில். ஒன்று, உங்கள் ஹெட்போன் ஃபோனுக்கு அடங்காதது என்றால். மற்றொன்று, மிகவும் நுண்ணுணர்வான இயர்போன் வைத்திருந்து ஃபோனில் இரைச்சல் கேட்டால். அடுத்த இரண்டு கேள்விகளும் இவற்றைப் பற்றியவை.

9. பெட்டி மேல ஓம், டெசிபல்னு போட்டிருக்கே, அதைப் பாத்து என்ன முடிவு பண்றது?

ஓம் என்பது மின்தடை. டெசிபல் என்பது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் எழும் என்பது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 16 ஓம், மில்லிவாட்டுக்கு 108 டெசிபல் என்று இருக்கும் இயர்போனுக்கு ஒரு மில்லிவாட்டே காதைப் பிளக்கும். அதற்கு 0.13 வோல்ட் போதும். எந்த ஃபோனும் தரும்.

300 ஓம், மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் உள்ள பெரிய ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் உச்சங்கள் 110 டெசிபல் வரை சிதறாமல் எழ வேண்டுமானால் 13 டெசிபல் கூடுதல் தேவை. பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு, மூன்று டெசிபலுக்கு இரண்டு மடங்கு என்பது கணக்கு. ஆக 20 மில்லிவாட், ஏறக்குறைய 2.5 வோல்ட். இயர்போன் துளை இல்லாத ஃபோனில் இயர்போனை மாட்டப் பயன்படும் அடாப்டர் ஒரு வோல்ட் மட்டும் தந்தால், அதில் இது எட்டாது. இங்கேதான் பிளேயரின் ஆம்ப் வெறும் பேச்சாக இல்லாமல் உண்மையிலேயே வேலை செய்கிறது. நண்பரின் 300 ஓம் ஹெட்போனை மாட்டிக் கேட்டபோது, ஃபோனில் முழு வால்யூமிலும் களைத்துப் போயிருந்த அதே பதிவு எழுந்து நின்றது.

இன்னும் ஓர் எண்ணைத் தேடுங்கள்: பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஒலி வெளியே வரும் இடத்தில் பிளேயருக்கே இருக்கும் மின்தடை. அது இயர்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருப்பது நல்லது. 16 ஓம் இயர்போன் என்றால் 2 ஓமுக்குக் கீழே. கூடினால், பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்கள்) கொண்ட இயர்போன்களில் ஒலியின் நிறமே மாறிவிடும். அவற்றின் மின்தடை எல்லா ஸ்தாயியிலும் ஒரே அளவாக இராது என்பதால் வருவது இது.

10. பாட்டு நிக்கும்போது 'ஸ்ஸ்ஸ்'னு கேக்குதே, பிளேயர் பழுதா? ஹை கெயின்ல வெச்சா சரியாகுமா?

பழுதில்லை, ஆம்பின் அடி இரைச்சல் அது. நுண்ணுணர்வான இயர்போன் அதையும் ஒலிபெருக்கிக் காட்டுகிறது. கெயின் என்பது ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. அதை ஹையில் வைத்தால் இரைச்சல் கூடத்தான் செய்யும். லோ கெயினுக்கு மாற்றுங்கள். வால்யூமில் நுட்பமாகக் கூட்டிக் குறைக்கவும் இடம் கிடைக்கும். ஹை கெயின் 9ஆம் கேள்வியில் சொன்ன 300 ஓம் போன்றவற்றுக்கு. அதைப் போட்டால் தரம் கூடாது, சத்தம்தான் கூடும். 4ஆம் கேள்வியின் குழி இங்கேயும் இருக்கிறது.

11. ப்ளூடூத் ஹெட்போனை இதுல சேர்த்தா பிரயோஜனம் உண்டா?

ரொம்பக் கொஞ்சம். ப்ளூடூத் ஹெட்போனுக்குள் அதற்கென்று ஒரு டாக்கும் ஆம்பும் இருக்கின்றன. பிளேயர் எண்களை மட்டும் காற்றில் அனுப்புகிறது. நீங்கள் எதற்காகக் காசு கொடுத்தீர்களோ அந்த டாக்கும் ஆம்பும் சும்மா இருக்கும். அனுப்பும் பாதையும் குறுகல்: ப்ளூடூத்தில் பாட்டை அனுப்பும் முறைகளில் ஒன்றான எல்டாக்கின் உச்சமே 990 கே.பி.பி.எஸ்., சி.டி.க்குத் தேவை 1,411. கேட்க நன்றாகவே இருக்கும், நடைப்பயிற்சிக்கு நானே அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் அதற்கு ஃபோனே போதும்.

12. தமிழ்ப் பாட்டுப் பேரெல்லாம் கட்டம் கட்டமா வருது, ஆல்பம் வரிசையும் கலைஞ்சு போச்சு. என்ன பண்றது?

என் முதல் வாரத்தில் பாதி இதிலேயே போனது. கட்டங்கள் வருவதற்குக் காரணம் இரண்டு. பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம், அதற்கு மென்பொருள் மேம்படுத்தல் வந்தால்தான் உண்டு. அல்லது ஃபைலின் டேக், அதாவது பாட்டின் பெயர், ஆல்பம் முதலிய விவரக் குறிப்பு, யூனிகோடுக்கு முந்தைய குறிமுறையில் எழுதப்பட்டிருக்கலாம். எம்.பி.3யின் டேக் முறையான ஐ.டி.3யின் பழைய முதல் பதிப்பில் பாட்டின் பெயருக்கு ஒதுக்கியது 30 பைட் மட்டுமே. யு.டி.எஃப்-8இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் கொம்பும் தனிக்குறியாக எண்ணப்படுவதால் பத்துக் குறியோடு பெயர் பாதியில் அறுந்துவிடும். கணினியில் டேக் திருத்தும் செயலி ஒன்றில் எல்லாவற்றையும் ஐ.டி.3 இரண்டாம் பதிப்புக்கு மாற்றுங்கள். ஃபிளாக்கின் டேக் தொடக்கத்திலிருந்தே யு.டி.எஃப்-8, அதில் இந்தத் தொல்லை இல்லை.

வரிசை கலைவது, பாட்டு எண் டேக் காலியாக இருப்பதால். அதை நிரப்புவதற்குப் பொறுமை இல்லையென்றால் ஃபைல் பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட்டு, ஃபோல்டர் வழியாகத் திறந்து கேளுங்கள். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஒலி தொடர்ந்து போகும் கச்சேரிப் பதிவுகளில் நடுவே 'டக்' என்று இடைவெளி விழுந்தால், அமைப்பில் கேப்லெஸ் என்பதை இயக்குங்கள். ராக ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்குப் போகும் இடத்தில் அரை நொடி வெட்டு விழுந்தால் மனசே வெறுத்துவிடும்.

13. நூறு மணி நேரம் ஓடவிட்டாத்தான் நெஜமான சத்தம் வரும்ங்கறாங்களே?

டாக் சிப்பும் ஆம்பும் நூறு மணி நேரத்தில் காது அறியும்படி மாறுவதற்குக் காரணம் எதையும் நான் காணவில்லை. மாறுவது நம் காதின் பழக்கம். புது ஒலிக்கு மூளை நாலைந்து நாளில் பழகிவிடும். அதற்குள் பிளேயர் "திறந்துகொண்டது" என்று தோன்றும். எனக்கும் இரண்டாம் வாரத்தில் அப்படித் தோன்றியது. இதில் ஒரு ஆபத்து உண்டு. பிடிக்காத பிளேயரை "ஓடட்டும், சரியாகும்" என்று வைத்துக்கொண்டிருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு கடந்துவிடும்.

14. எந்த டாக் சிப் இருக்குன்னு பாத்து வாங்கினா போதும்தானே சார்?

போதாது. இன்றைய நல்ல டாக் சிப்புகளின் சிதைவு, காது பிடிக்கும் எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அதைச் சுற்றி மின்சாரம் எவ்வளவு சுத்தமாக வருகிறது, பின்னால் நிற்கும் ஆம்ப் எப்படி இருக்கிறது என்பதே மிச்சத்தைத் தீர்மானிக்கும். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்காவில் இருந்த ஏ.கே.எம். சிப் ஆலை எரிந்தது. அந்தச் சிப்புகளை நம்பியிருந்த பல நிறுவனங்கள் வேறு நிறுவனத்தின் சிப்புக்கு மாறின. அப்படி மாறிய பிறகும் நல்ல பிளேயர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. சிப்பின் பெயரைப் பார்க்கும் நேரத்தில் அவுட்புட் இம்பீடன்ஸைப் பாருங்கள் என்பேன்.

15. 192 கிலோஹெர்ட்ஸெல்லாம் மனுஷனுக்குக் கேக்காதுன்னு என் தம்பி அடிச்சுச் சொல்றான். அவன் சொல்றது சரியா?

பெரும்பகுதி சரி, ஆனால் அந்த எண்ணை இரண்டு பேருமே தவறாகப் படிக்கிறீர்கள். 192 கிலோஹெர்ட்ஸ் என்பது பாட்டில் இருக்கும் ஸ்தாயி அல்ல, நொடிக்கு எத்தனை முறை அளவெடுத்தார்கள் என்பது. அளவெடுக்கும் வேகத்தில் பாதி வரையுள்ள ஒலியை முழுமையாக மீட்கலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் வழி வந்த கணிதம். ஆக சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸ், 22.05 வரை தரும். இளம் காதே 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான், வயதாக ஆகக் குறைந்துகொண்டே போகும். 16 பிட் என்பது 96 டெசிபல் ஏற்ற இறக்கம். 24 பிட் கணக்குப்படி 144. அமைதியான அறையில்கூட 96 டெசிபலை முழுதும் பயன்படுத்தும் பாட்டு அபூர்வம். ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட்டுக்கு உண்மையான பயன் உண்டு. கலக்கவும் திருத்தவும் இடம் விட்டுவைக்கும்.

பிறகு ஏன் சில ஹை-ரெஸ் ஆல்பங்கள் சி.டி.யைவிட நன்றாக இருக்கின்றன? பெரும்பாலும் அவை வேறு மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சீர்செய்யும் கடைசி வேலை வேறாகச் செய்யப்பட்டவை. எல்லாவற்றையும் ஒரே உச்சத்துக்கு அழுத்தாமல், மெல்லியதை மெல்லியதாக விட்டிருப்பார்கள். அந்த ஹை-ரெஸ் ஃபைலையே நான் கணினியில் 44.1, 16 பிட்டாகக் குறைத்து ஒப்பிட்டேன். என்னால் பிரிக்க முடியவில்லை. நல்ல மாஸ்டரைத் தேடுங்கள், எண்ணைத் தேடாதீர்கள்.

16. ஹை-ரெஸ்னு வாங்கின ஃபைல் நெஜமாவே அதுதானான்னு எப்படிப் பாக்கறது?

அலைநிறமாலையைப் படமாகக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. அதில் ஃபைலைப் போடுங்கள். 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலில் 22க்கு மேல் கோடு கிழித்தது போல் கறுப்பாக இருந்தால், அது சி.டி. பதிவை ஊதிப் பெருக்கியது என்று சந்தேகப்படலாம். 16இல் வெட்டுப்பட்டிருந்தால் 6ஆம் கேள்வியில் சொன்ன 128 எம்.பி.3 வேஷம் மாற்றி வந்திருக்கிறது. பழைய நாடாப் பதிவுகளில் மேலே வெறும் இரைச்சல் மங்கலாகத் தெரிவது இயல்பு, அதை ஏமாற்று என்று எண்ண வேண்டாம்.

17. அந்தப் பெரிய 4.4 துளை எதுக்கு? அதுல போட்டா சத்தம் நல்லா இருக்கும்னாங்க.

அது பேலன்ஸ்டு. சாதாரண 3.5 மி.மீ. துளையில் இடது வலது இரண்டுக்கும் மின்சாரம் திரும்பும் கம்பி பொது. 4.4இல் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஜோடி, தனி ஆம்ப். அதனால் வோல்ட் இரண்டு மடங்கு வரை போகும். கடினமான ஹெட்போனுக்கு உதவும். எளிய இயர்போனுக்குப் பெரும்பாலும் 6 டெசிபல் கூடுதல் சத்தமாகவே அது வந்து சேரும், அதைத் தரம் என்று நினைப்போம். சில பிளேயர்களில் பேலன்ஸ்டில் இரைச்சலும் இம்பீடன்ஸும் கூடவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 4.4 முனை கொண்ட ஹெட்போனை அடாப்டர் போட்டு 3.5 துளையில் மாட்டலாம், தவறில்லை. தலைகீழாக, 3.5 முனை ஹெட்போனை அடாப்டர் போட்டு 4.4 துளையில் மாட்டாதீர்கள். இரு பக்க எதிர்முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆம்ப் கெட்டுப்போகலாம்.

18. ஆண்ட்ராய்டு இருக்கற பிளேயரா, இல்லாத பிளேயரா?

ஸ்ட்ரீமிங் செயலி வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு. கார்டில் இருப்பதை மட்டும் கேட்பதானால் இல்லாதது. உடனே எழுந்திருக்கும், பேட்டரி நீடிக்கும்.

ஆண்ட்ராய்டில் கவனிக்க வேண்டியது, அதன் பொது ஒலிக்கலவை எல்லாப் பாட்டையும் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடும் என்பது. நல்ல பிளேயர்கள் அதைத் தாண்டிப் போக வழி வைத்திருக்கும். எல்லாச் செயலிக்கும் வைத்திருக்கிறதா, அதன் சொந்தச் செயலிக்கு மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரையின் மேல் ஓடும் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு அளவெடுத்த எண்ணிக்கையை) பார்த்தாலே தெரியும். அந்த மாற்றம் காதுக்குத் தெரியுமா என்றால், நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் தெரிவது கஷ்டம்.

19. டி.எஸ்.டி. ஃபைல்தான் உச்சம்னு சொல்றாங்களே?

1999இல் எஸ்.ஏ.சி.டி. வட்டுகளோடு வந்த முறை. நொடிக்கு 28,22,400 முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பிட். வேறு வழியே தவிர உயர்ந்த வழி என்று நான் சொல்ல மாட்டேன். காதுக்கு எட்டாத உயரத்தில் இரைச்சலைத் தள்ளிவைப்பது அதன் அடிப்படை. அப்படியே ஓடும்போது ஈக்வலைசர் வேலை செய்யாது. பல பிளேயர்கள் உள்ளுக்குள் அதை வழக்கமான முறைக்கு மாற்றித்தான் ஒலிக்கின்றன. உங்களுக்குப் பிடித்த பதிவு அந்த வடிவில் மட்டும் கிடைத்தால் வாங்குங்கள்.

20. ஈக்வலைசரைத் தொடவே கூடாதா? சுத்தம் போயிடுமா?

தொடுங்கள். 8ஆம் கேள்வியில் சொன்னபடி ஒலியின் நிறத்தைத் தீர்மானிப்பது இயர்போன். அதன் குறையைத் திருத்த ஈக்வலைசரைவிட மலிவான வழி கிடையாது. என் இயர்போனில் 'ச', 'ஸ' ஓசைகள் ஊசியாகக் குத்தின. 7 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைத்ததும் பெண்குரல்களை மணிக்கணக்கில் கேட்க முடிகிறது. ஏதாவது ஓர் இடத்தைக் கூட்டினால், அதே அளவுக்கு ஈக்வலைசரில் ப்ரீஆம்ப் எனப்படும் மொத்த அளவைக் குறைத்துவையுங்கள். இல்லையென்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

21. ரெண்டு மணி நேரத்துல சூடாகுது, பேட்டரியும் இறங்குது. எல்லாத்துக்கும் இப்படித்தானா?

இளஞ்சூடு இயல்பு. நல்ல ஆம்ப்கள் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் எரிக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கு, குறைந்த வால்யூமில் திரையை அணைத்துவைத்து எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. கையில் பிடிக்க முடியாத சூடோ, பின்மூடி உப்பலோ தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

22. இவ்ளோ நேரம் கேட்டா காது கெடாதா தம்பி?

கெடும், அளவு மீறினால். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி. நல்ல பிளேயரில் இதற்கென ஒரு தனி அபாயம் உண்டு. சிதைவு இல்லாத ஒலி உறுத்தாது, அதனால் கூட்டிக்கொண்டே போவோம். நான் அமைப்பில் உச்ச வால்யூமுக்கு வரம்பு போட்டு வைத்திருக்கிறேன். கேட்டு முடித்ததும் காதில் 'ஞொய்' என்றால் அன்றைக்கு அளவு மீறியாயிற்று.

23. எல்லாம் சரி, நீங்க சொல்ற வித்தியாசம் எனக்குக் கேக்கவே இல்ல. என் காது மட்டமா?

இல்லை, எந்த வித்தியாசமும் அங்கே இல்லாமலே இருக்கலாம். சோதித்துப் பாருங்கள். 4ஆம் கேள்வியில் சொன்னபடி ஒலியளவைச் சமப்படுத்துங்கள். வீட்டில் யாரையாவது நாணயம் சுண்டிவிட்டு, தலை விழுந்தால் ஃபோன், பூ விழுந்தால் பிளேயர் என்று உங்களுக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லுங்கள். பதினாறு முறை ஊகியுங்கள். வெறும் குருட்டு ஊகத்தில் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்புத்தான். பன்னிரண்டைத் தொட்டால் உங்கள் காதுக்கு ஏதோ உண்மையாகவே கேட்கிறது.

என் கணக்கு: எளிய ஒற்றை டிரைவர் இயர்போனில் ஒன்பது. அதாவது எனக்குத் தெரியவில்லை. பல டிரைவர் இயர்போனில் பதினான்கு. அங்கே என் ஃபோன் அடாப்டரின் இம்பீடன்ஸ் பாஸைத் தடிக்க வைக்கிறது, பிளேயர் அப்படிச் செய்வதில்லை. 300 ஓம் ஹெட்போனில் ஒலியளவையே சமப்படுத்த முடியாததால் சோதனைக்கு இடமில்லை. எனவே என் பிளேயர் தங்கிவிட்டது.

நீங்கள் கேட்பது ஒற்றை டிரைவர் இயர்போனில் மட்டும் என்றால், ஒன்பதோ பத்தோ வந்தால், தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சோதனைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே செய்துவிடுங்கள், பெட்டியையும் உள்ளே வந்த ஒயரையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.